இன்னும் ஓர் ஆண்டு



ஆண்டுதோறும் ஜூன் 5ஆம் நாள், உலகச் சுற்றுச்சூழல் தினத்தன்று, பல இடங்களில் மரக்கன்று நடுகிறார்கள். பிள்ளைகள் சுற்றி நிற்க, நிழற்படம் எடுக்கிறார்கள். அதன்பின் தண்ணீர் ஊற்ற ஆளில்லாமல் அந்தக் கன்று காய்ந்துபோனால், பிள்ளைகள் அதிலிருந்தும் ஒரு பாடம் கற்றுக்கொள்கிறார்கள். படைப்பைக் காப்பது ஒருநாள் சடங்கு என்ற தவறான பாடம் அது.

இதற்கு மாற்று வழி உண்டா? அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில், பெர்க்லி நகரிலுள்ள மார்ட்டின் லூதர் கிங் நடுநிலைப் பள்ளியில் ஒரு வழியைக் காண்கிறோம். ஆலிஸ் வாட்டர்ஸ் என்ற உணவக உரிமையாளரின் முயற்சியால், 1995ஆம் ஆண்டு, தார் போட்டுக் கிடந்த ஏறக்குறைய ஓர் ஏக்கர் நிலம் தோட்டமாக மாறத் தொடங்கியது. தாரைப் பெயர்த்ததும் காய்கறி போடவில்லை. மண்ணைத் தேற்றும் பசுந்தாள் உரப்பயிரையே முதலில் விதைத்தார்கள். பின்னர் மாணவர்களே நட்டு, களையெடுத்து, அறுவடை செய்து, பள்ளியின் சமையலறையில் சமைத்து, ஒன்றாக அமர்ந்து உண்ணத் தொடங்கினார்கள். அறிவியல் பாடமும் தோட்டத்திற்கு வந்தது.

இப்படிப்பட்ட தோட்டத்தில் பிள்ளைகள் எதைக் கற்கிறார்கள்? பூசணிக்கொடியில் ஆண் பூவும் பெண் பூவும் தனித்தனியே பூக்கும். தேனீ வராவிட்டால் பிஞ்சு வெம்பி உதிர்ந்துவிடும். மருந்தடித்துத் தேனீயை விரட்டினால் யாருக்கு இழப்பு என்று அங்கே யாரும் விளக்க வேண்டியதில்லை. தட்டைப்பயற்றுச் செடியைப் பிடுங்கினால் வேரில் சிறு முடிச்சுகள் தெரியும். அவற்றில் வாழும் நுண்ணுயிர்கள் காற்றிலுள்ள நைட்ரஜனைப் பயிருக்கு உணவாக்குகின்றன. காய்கறித் தோலும் சருகும் மட்கி எருவாவதைக் கிளறிப் பார்த்த பிள்ளை, அவற்றைக் குப்பை என்று எளிதில் வீசமாட்டாள்.

திருத்தந்தை பிரான்சிஸ் 2015ஆம் ஆண்டு வெளியிட்ட ‘இறைவா உமக்கே புகழ்’ திருமடலின் ஆறாம் பிரிவு இதைத்தான் வலியுறுத்துகிறது. தகவலும் சட்டமும் மட்டும் போதாது. அன்றாடச் சிறு செயல்களால் உருவாகும் பழக்கமே மனிதரை மாற்றும் என்கிறார் அவர்.

லூக்கா நற்செய்தி 13ஆம் அதிகாரத்தில், மூன்று ஆண்டுகளாகக் காய்க்காத அத்திமரத்தை வெட்டிவிடச் சொல்கிறார் உரிமையாளர். தோட்டத் தொழிலாளரோ இன்னும் ஓர் ஆண்டு அவகாசம் கேட்கிறார். வெறுமனே காத்திருப்பதாக அவர் சொல்லவில்லை. சுற்றிலும் கொத்தி எரு போடுவதாகச் சொல்கிறார். பொறுமையும் உழைப்பும் அங்கே ஒன்றாக நிற்கின்றன.

இன்றைய இளையோருக்கு அக்கறை இல்லை என்று நாம் எளிதில் தீர்ப்பிட்டுவிடுகிறோம். நாம் அவர்களுக்கு மண்ணைக் கொடுத்தோமா? ஆலய வளாகத்தில் வெயில்படும் ஒரு மூலையும், தண்ணீருக்கு ஒரு குழாயும், மட்குரத்திற்கு ஒரு குழியும் இருந்தால் தொடங்கலாம். எதை நடுவது என்று அவர்களே முடிவு செய்யட்டும். பாத்திகளைக் குழுக்களாகப் பிரித்துக்கொள்ளட்டும். விடுமுறை நாள்களில் யார் தண்ணீர் ஊற்றுவது என்பதை முன்கூட்டியே எழுதி வைக்கட்டும். ஊரில் பயிர்த்தொழில் அறிந்த பெரியவர்கள் வாரம் ஒருமுறை அருகில் இருக்கட்டும். முதல் விளைச்சலின் ஒரு பங்கு, தேவையில் இருக்கும் குடும்பத்திற்குப் போகட்டும்.

முதல் பருவத்தில் செடிகள் பட்டுப்போகலாம். அப்போது மண்வெட்டியைப் பிடுங்கி நாமே செய்துவிட வேண்டாம். அந்தத் தோட்டத் தொழிலாளரைப் போல, அவர்களோடு நின்று கொத்தி, எருவிட்டு, இன்னும் ஓர் ஆண்டு கொடுப்போம்.