உங்களுக்குத் தெரியுமா? டைட்டனின் பெரிய பங்குதாரர் யார்?

டைட்டன் நிறுவனத்தின் மிகப் பெரிய பங்குதாரர் டாடா அல்ல, தமிழ்நாடு அரசு! அரசுக்குச் சொந்தமான டிட்கோ (தமிழ்நாடு தொழில் வளர்ச்சிக் கழகம்) சுமார் 28% பங்குகளை வைத்திருக்கிறது. டாடா குழும நிறுவனங்கள் எல்லாம் சேர்ந்தால்கூட ஏறத்தாழ 25%தான்.

● தொடக்கம் 1984இல், டாடாவும் டிட்கோவும் கைகோத்த கூட்டு முயற்சியாக. கைக்கடிகாரத் தொழிற்சாலை எழுந்த இடம் ஓசூர்.

● அது தொழில் தொடங்க அரசின் லைசென்ஸ் தேவைப்பட்ட காலம். அன்றைய 'கூட்டுத் துறை' நிறுவனங்களில் வழக்கமான பங்கீடு: அரசுக்கு 26%, தனியாருக்கு 25%, பொதுமக்களுக்கு 49%.

● அன்றாட நிர்வாகம் டாடாவின் பொறுப்பு. இயக்குநர் குழுவின் தலைவர் பதவியிலோ டிட்கோ நியமிக்கும் ஐ.ஏ.எஸ். அதிகாரி.

● தனிஷ்க் நகைக்கடைகளும் ஃபாஸ்ட்ராக் கடிகாரங்களும் இதே நிறுவனத்துடையவை.

● டைட்டன் ஈவுத்தொகையாக வழங்கும் ஒவ்வொரு 100 ரூபாயிலும் சுமார் 28 ரூபாய் டிட்கோவுக்கு, அதாவது தமிழ்நாட்டு மக்களின் பொதுச் சொத்துக்குச் சேர்கிறது.