கோடேறாத சட்டத்தரணி

சட்டத்தரணி என்றதும் எங்கள் ஊரில் எல்லோருக்கும் ஞாபகம் வருவது கறுப்புக் கோட்டும் நீதிமன்ற வாசலும்தான். ஆனால் வழக்கே பேசாத சட்டத்தரணிகளும் இருக்கிறார்கள். வங்கி, காப்புறுதிக் கம்பனி, ஆடைத் தொழிற்சாலை போன்றவற்றில் மாதச் சம்பளத்துக்கு வேலை செய்யும் இவர்களைச் சட்ட அலுவலர் என்பார்கள். உயர்தரத்துக்குப் பின் என்ன படிப்பது என்று யோசிக்கும் சகோதரிகளுக்கும் அவர்களின் பெற்றோருக்குமாக இத்தொழிலைப் பற்றி எழுதுகிறேன்.

இவர்களின் வேலையை விளங்கிக்கொள்ளச் செங்கலடிப் பக்கத்துக் காணித் துண்டு ஒன்றே போதும். கடையைப் பெருப்பிக்க வாப்பா ஒரு வங்கியில் கடன் கேட்டார். கிளை முகாமையாளர் சம்மதித்தும், கொழும்பிலுள்ள சட்டப் பிரிவு மறுத்துவிட்டது. வாப்பாவுக்குச் சரியான கோபம். காரணம் பிறகுதான் விளங்கியது. எங்கள் காணி 1935ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் வழங்கப்பட்ட அனுமதிப்பத்திரக் காணி. உறுதிக் காணியைப்போல் அதை நினைத்தபடி விற்கவோ ஈடு வைக்கவோ முடியாது. பிரதேச செயலாளரின் அனுமதி வேண்டும். அது இல்லாமல் கடன் கொடுத்தால், பணம் திரும்பாத நாளில் வங்கியின் கையில் இருப்பது வெறும் கடதாசிதான். வழக்குப் பேசுபவர் பிரச்சினை வந்த பிறகு வருகிறார். இவர் அது வருமுன் கடதாசியை வாசிக்கிறார். ஆனால் மறுப்பதோடு நிற்காமல், "இந்த அனுமதியை எடுத்து வாருங்கள்" என்று வழியும் சொல்பவரே நல்ல சட்ட அலுவலர் என்பது என் எண்ணம்.

பெண்பிள்ளைக்குப் பாதுகாப்பான கந்தோர் வேலை என்று சிலர் இதைச் சிபாரிசு செய்வதுண்டு. அது பாதி உண்மைதான். சம்பளம் தருபவரிடமே "இது சட்டத்துக்கு மாறு" என்று சொல்வது இலேசா? 2010இல் அக்ஸோ நோபல் வழக்கில் ஐரோப்பிய நீதிமன்றம், நிறுவனத்தின் ஊழியரான சட்டத்தரணிக்கு வெளிச் சட்டத்தரணியின் சுதந்திரம் இல்லை என்றது. அதனால் ஐரோப்பிய ஆணைக்குழுவின் போட்டிச் சட்ட விசாரணைகளில் அவர் எழுதும் ஆலோசனைக்கு இரகசியப் பாதுகாப்புக் கிடையாது. இந்தியாவிலோ முழுநேரச் சம்பள வேலைக்குப் போகும் வழக்கறிஞர், அவ்வேலையில் இருக்கும்வரை தொழில் நடத்த முடியாது.

வழி எது? பல்கலைக்கழகச் சட்டப் பட்டம் ஒன்று. 1874இல் தொடங்கிய இலங்கைச் சட்டக் கல்லூரி மற்றொன்று. சட்டக் கல்லூரிக்கு நுழைவுப் பரீட்சை உண்டு. எந்த வழியால் போனாலும் இறுதியில் தொழில் பயிலுநராக இருந்து, உயர் நீதிமன்றத்தில் சத்தியப்பிரமாணம் செய்தால்தான் சட்டத்தரணி. சட்டக் கல்லூரிப் பரீட்சைகளை ஆங்கிலத்தில் மட்டும் நடத்தும் ஒழுங்குவிதியை 2023 மார்ச்சில் பாராளுமன்றம் நிராகரித்தது. தமிழ்மொழி மூல மாணவிகளுக்கு அது நிம்மதிதான். ஆனாலும் கம்பனி ஒப்பந்தங்கள் பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான் எழுதப்படுகின்றன. ஆங்கிலத்தை இப்போதே பிடித்துக்கொள்ள வேண்டும்.

பெரிய நிறுவனங்களின் தலைமையகங்கள் கொழும்பில். "அங்கே எங்கே தங்குவாய்?" என்று உம்மா கேட்கிறா. சாச்சி வீடா, விடுதியா என்று எங்கள் வீட்டில் இன்னும் பேச்சு நடக்கிறது.