ஜியோடு: கல்லுக்குள் ஒரு படிக அறை

மண்படிந்து சொரசொரப்பாகக் கிடக்கும் உருண்டைக் கல்லை எவரும் பொருட்படுத்துவதில்லை. அத்தகைய கற்களுள் சில, உட்புறம் வெறுமையானவை. அவற்றைப் பிளந்து பார்த்தால், உட்சுவர் முழுவதும் ஒளிரும் படிகங்கள் மையத்தை நோக்கி நிற்பதைக் காணலாம். இவ்வகைக் கல்லை நிலவியலார் ‘ஜியோடு’ என்பர்.

பெயரும் பொருளும்

இச்சொல்லின் வேர் கிரேக்க மொழியில் உள்ளது. ‘மண்ணைப் போன்றது’ என்னும் பொருளுடைய அச்சொல், இலத்தீன் வழியாகப் பிற ஐரோப்பிய மொழிகளுக்குச் சென்றது. ‘ஜியாலஜி’, ‘ஜியாகிரபி’ ஆகிய சொற்களின் முதற்பகுதியும் மண்ணைக் குறிக்கும் அதே வேரிலிருந்து பிறந்ததே. ஆக, ஜியோடு என்னும் பெயர் கல்லின் புறத்தோற்றத்தை மட்டுமே சுட்டுகிறது. உள்ளிருக்கும் படிகத்தைப் பற்றி அஃது ஏதும் கூறவில்லை.

உருவாகும் முறை

எரிமலைக் குழம்பு குளிர்ந்து இறுகும்போது, அதில் சிக்கிய வளிமக் குமிழிகள் பாறைக்குள் குழிகளாக எஞ்சுகின்றன. சுண்ணாம்புப் பாறைகளில் கனிம முடிச்சுகள் கரைவதாலும் குழிகள் தோன்றும். சிலிக்கா கரைந்த நீர், நுண்துளைகள் வழியே அக்குழிகளுள் புகுகிறது. சிலிக்கா முதலில் சுவரில் மெல்லிய அடுக்குகளாகப் படிகிறது. பின்னர் குவார்ட்ஸ் படிகங்களாக உள்நோக்கி வளர்கிறது. குவார்ட்ஸில் சிறிதளவு இரும்பு கலந்து, இயற்கைக் கதிர்வீச்சும் படும்போது ஊதா நிறம் உண்டாகிறது. அதுவே செவ்வந்திக்கல். பிரேசிலின் தென்பகுதி, உருகுவே, இந்தியாவின் தக்காண எரிமலைப் பாறைகள் ஆகியவற்றில் இத்தகைய ஜியோடுகள் கிடைக்கின்றன.

குழி முழுவதும் நிரம்பிவிட்டால் படிகங்கள் ஒன்றையொன்று நெருக்கித் தம் வடிவத்தை இழக்கும். படிகத்தின் கூரிய முனைக்கும் வழவழப்பான முகங்களுக்கும் இடமளிப்பது உள்ளே எஞ்சிய வெற்றிடமே.

திறந்தபின் எழும் கடமை

கையில் அடங்கும் ஜியோடுகளேயன்றி, பாறைக்குள் குகைபோல் விரிந்தவையும் உண்டு. ஸ்பெயின் நாட்டுப் புல்பியில், கைவிடப்பட்ட சுரங்கமொன்றில் ஏறத்தாழ 8 மீட்டர் நீளமுள்ள ஜியோடு 1999இல் கண்டறியப்பட்டது. அதன் சுவர்களில் கண்ணாடிபோல் ஒளிபுகும் ஜிப்சம் படிகங்கள் நிறைந்துள்ளன. 2019இல் அது பொதுமக்களின் பார்வைக்குத் திறக்கப்பட்டது. மனிதர் மூச்சின் ஈரமும் உடல்வெப்பமும் படிகங்களின் தெளிவைக் கெடுக்கக்கூடும். ஆதலால், பார்வையாளர்கள் சிறு குழுக்களாகவே அனுமதிக்கப்படுகின்றனர். மூடியிருந்தவரை அதனைப் பாறையே காத்தது; திறந்தபின் அப்பொறுப்பு மனிதரைச் சேர்ந்துவிட்டது.