வரையறைக்கு ஒரே தாவல்: விம் எடிட்டரும் டேக்ஸ் கோப்பும்

பெரிய மென்பொருளின் நிரலை யாரும் முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை வாசிப்பதில்லை. ஓரிடத்தில் ஒரு ஃபங்ஷன் அழைக்கப்பட்டிருக்கும். அது என்ன செய்கிறது என்று அறிய, அது வரையறுக்கப்பட்ட கோப்பைத் தேடிப் போக வேண்டும். அங்கே இன்னொரு ஃபங்ஷன் குறுக்கிடும்; அதையும் பார்த்துவிட்டு, புறப்பட்ட இடத்துக்குத் திரும்ப வேண்டும். கோடிக்கணக்கான வரிகள் கொண்ட லினக்ஸ் கெர்னலில் 'ஷெட்யூல்' என்ற சொல்லைச் சாதாரணமாகத் தேடினால் ஆயிரக்கணக்கான வரிகள் வந்து குவியும். வேண்டியதோ, அந்த ஃபங்ஷன் எழுதப்பட்டிருக்கும் ஒரே ஓர் இடம்.

இதற்கான வழி பெர்க்லி யூனிக்ஸ் காலத்திலேயே பிறந்துவிட்டது. கென் அர்னால்டு எழுதிய சிடேக்ஸ் என்ற சிறு கருவி, நிரல் கோப்புகளைப் படித்து, எந்தப் பெயர் எங்கே வரையறுக்கப்பட்டுள்ளது என்று 'டேக்ஸ்' என்ற கோப்பில் எழுதி வைக்கும். பில் ஜாயின் விஐ எடிட்டர் அதைப் பயன்படுத்தியது. பிராம் மூலனார் 1991இல் வெளியிட்ட விம் எடிட்டரும் அதே வழக்கத்தைத் தொடர்ந்தது. இன்று பரவலாகப் புழங்குவது யுனிவர்சல் சிடேக்ஸ்.

டேக்ஸ் கோப்பு ஒரு நூலின் கடைசியில் வரும் சொல்லடைவு மாதிரிதான். அதைத் திறந்து ஒரு வரியைப் பார்த்தாலே அதன் வேலை விளங்கிவிடும். முதலில் 'ஷெட்யூல்' என்ற பெயர். அடுத்து, அது இருக்கும் கோப்பு: கெர்னல் கோப்புறைக்குள் ஷெட், அதற்குள் 'கோர்.சி'. மூன்றாவதாக, வரையறை தொடங்கும் வரியின் வாசகம் தேடுவதற்குரிய வடிவில் அப்படியே இருக்கும். வரி எண்ணுக்குப் பதில் வாசகத்தை வைத்திருப்பது நல்ல யோசனை: மேலே பத்து வரி புதிதாகச் சேர்ந்தாலும் வாசகம் மாறாதவரை இடம் தவறாது. பெயர்கள் அகரவரிசையில் இருப்பதால், பத்து லட்சம் பெயர்கள் இருந்தாலும் பாதி பாதியாகக் கழித்து ஏறக்குறைய இருபது ஒப்பீடுகளில் எடிட்டர் உரிய வரியைப் பிடித்துவிடும்.

அமைப்பது சில நிமிட வேலை. உபுண்டு, டெபியன் கணினிகளில் யுனிவர்சல் சிடேக்ஸை அதே பெயரிலேயே நிறுவலாம். மேக் கணினியில் ஆப்பிளின் நிரலாக்கக் கருவிகளோடு வரும் சிடேக்ஸ் பழையது. உள் கோப்புறைகளுக்குள் இறங்கிப் படிக்கச் சொல்லும் பெரிய 'ஆர்' தெரிவை அது ஏற்காது. ஆகவே அங்கே ஹோம்புரூ மூலம் புதியதை நிறுவுவது அவசியம். பிறகு திட்டத்தின் மேல்மட்டக் கோப்புறையில் சிடேக்ஸை பெரிய 'ஆர்' தெரிவோடு இயக்க, டேக்ஸ் கோப்பு உருவாகும். லினக்ஸ் கெர்னலுக்கு 'மேக் டேக்ஸ்' என்ற தனிக் கட்டளையே உண்டு.

பலர் தடுமாறுவது விம்மின் அமைப்புக் கோப்பில். ஆழத்திலுள்ள ஒரு கோப்பைத் திறந்திருக்கும்போது, மேல்மட்டத்திலுள்ள டேக்ஸ் கோப்பு விம்முக்குத் தெரியாமல் போகலாம். 'டேக்ஸ்' என்ற அமைப்பில் புள்ளி, சாய்கோடு, 'டேக்ஸ்' என்று எழுதி, முடிவில் ஓர் அரைப்புள்ளியும் இட வேண்டும். திறந்த கோப்பு இருக்கும் இடத்திலிருந்து ஒவ்வொரு படியாக மேலே ஏறித் தேடு என்பதே அந்த அரைப்புள்ளியின் பொருள்.

இனி, கர்சரைப் பெயரின் மேல் வைத்து, கன்ட்ரோல் விசையோடு மூடும் சதுர அடைப்புக்குறியை அழுத்தினால் வரையறை திறக்கும். கன்ட்ரோலும் 'டி'யும் திரும்பக் கொண்டுவரும். இந்த இரண்டாவது விசைதான் முதலில் மனப்பாடமாக வேண்டியது. ஐந்தாறு கோப்புகள் தாவிய பிறகும் ஒவ்வொரு படியாகப் பின்னால் வரலாம். ஒரே பெயர் பல இடங்களில் இருந்தால், 'ஜி' விசையைத் தொடர்ந்து அதே அடைப்புக்குறியை அழுத்த, பட்டியல் வரும்.

டேக்ஸ் கோப்பு தானாகப் புதுப்பித்துக்கொள்ளாது; நேற்று எழுதிய ஃபங்ஷன் அதில் இருக்காது. குட்டன்டேக்ஸ் என்ற விம் செருகுநிரல், கோப்பைச் சேமிக்கும்போதெல்லாம் பின்னணியில் அதைப் புதுப்பிக்கும். இன்னொரு குறை இதனால் தீராது: சிடேக்ஸுக்குப் பெயர் தெரியும், பொருள் தெரியாது. இரண்டு கிளாஸ்களில் 'ஓப்பன்' என்ற ஒரே பெயர் இருந்தால், இங்கே அழைக்கப்படுவது எது என்று அதனால் சொல்ல முடியாது.

அதைச் சொல்வது லாங்குவேஜ் சர்வர். எடிட்டரும் அந்தச் சர்வரும் பேசிக்கொள்ள, விஎஸ் கோடு எடிட்டருக்காக உருவான நெறிமுறையை மைக்ரோசாஃப்ட் 2016இல் பொதுவில் அறிவித்தது. சி மொழிக்கு கிளாங்டி, கோ மொழிக்கு கோபிளீஸ் என ஒவ்வொரு மொழிக்கும் ஒரு சர்வர், கம்பைலர் படிப்பதுபோல் நிரலைப் படித்து எடிட்டருக்குப் பதில் தருகிறது. விஎஸ் கோடில் எஃப்12 விசையை அழுத்தினால் போதும். ஆனால் ஒவ்வொரு கோப்பும் எப்படிக் கம்பைல் ஆகிறது என்ற விவரம் கிளாங்டிக்கு வேண்டும். அது இல்லாவிட்டால் தடுமாறும். பாதி முடிந்த, கம்பைல் ஆகாத பழைய நிரலைப் படிப்பவருக்கு டேக்ஸ் கோப்பே இன்னும் நம்பகமானது.

இரண்டில் ஒன்றைக் கைவிட வேண்டியதில்லை. விம்மிலிருந்து கிளைத்த நியோவிம்மில் லாங்குவேஜ் சர்வர் இணைந்ததும், அதே கன்ட்ரோல், அடைப்புக்குறி விசைகள் முதலில் சர்வரைக் கேட்கும். அங்கே விடை இல்லையென்றால் டேக்ஸ் கோப்பைப் பார்க்கும்.