முறிந்த மரத்துக்கு யார் விலை சொல்வது?

மொன்றியல் தீவின் மேற்குப் புறத்திலே, சென் லூயி ஏரிக்கரையில் நிற்கும் புவாண்ட்-கிளேர் காற்றாலை 1710ஆம் ஆண்டளவில் தானியம் அரைப்பதற்கெனக் கட்டப்பட்டது. கடைத்தொகுதிகளும் குடியிருப்புகளும் நிறைந்த இந்நகரம் ஒரு காலத்தில் கமக்காரரின் பூமியாக விளங்கியது என்பதற்கு அதுவே சாட்சி. இங்கு குடியேறியுள்ள எம்மவருள்ளும் வயலையும் தோட்டத்தையும் விட்டு வந்தோர் பலர். ஆதலால், இயற்கை சீறும்போது கமக்காரனுக்கு அரசு என்ன செய்கின்றது என்னும் கேள்வி எமக்கு அந்நியமானதன்று.

1998 ஜனவரி 5ஆம் திகதி தொடங்கி ஆறு நாட்களாகப் பெய்த உறைமழையை இப்பகுதி மக்கள் மறந்திருக்கமாட்டார்கள். விழுந்த இடத்திலேயே பனிக்கட்டியாக இறுகிய அம்மழையின் பாரம் தாங்காது சுமார் 1,000 மின் கோபுரங்களும் 30,000 மரக் கம்பங்களும் சாய்ந்தன. கியூபெக்கில் மட்டும் ஏறத்தாழ 14 இலட்சம் மின் இணைப்புகள் துண்டிக்கப்பட்டன. மேற்குத் தீவும் இருளில் மூழ்கியது. எனினும் மிகக் கொடிய அடி விழுந்தது ஆற்றுக்குத் தெற்கே, சென் இயசென்த், கிரான்பி, சென் ஜோன் ஆகிய நகரங்களைச் சூழ்ந்த கமங்களின் மீதே.

பசு மின்சாரத்துக்காகக் காத்திருக்காது. நாளுக்கு இரு வேளை பால் கறக்கப்படாவிடின் அதன் மடி நோயுறும். மின்பிறப்பாக்கியை ஒரு பண்ணையிலிருந்து மறு பண்ணைக்கு இழுத்துச் சென்று கறந்தார்கள். கறந்த பாலை ஏற்பதற்குத் தொழிற்சாலைகள் இயங்கவில்லை. கியூபெக்கிலும் ஒன்ராறியோவிலுமாக ஒரு கோடி லீற்றருக்கும் அதிகமான பால் நிலத்திலே கொட்டப்பட்டது.

அரசின் உதவி இரு வழிகளில் வந்தது. முதலாவது எளிமையானது. முதலமைச்சர் லூசியன் பூசாரின் அரசு, மின்சாரம் இழந்தோருக்கு ஆளொன்றுக்கு நாளொன்றுக்கு 10 டொலர் வழங்கியது. அங்கே எண்ணப்பட்டது சொத்தன்று, மனிதர்.

இரண்டாவது, மத்திய அரசு 1970ஆம் ஆண்டு முதல் நடத்திவரும் அனர்த்த நிதியுதவி ஏற்பாடு. 1998இல் நடைமுறையிலிருந்த விதிப்படி, மாகாணத்தின் சனத்தொகையில் தலைக்கு ஒரு டொலர் வரையிலான செலவை மாகாணமே ஏற்கவேண்டும். அதற்கு மேற்பட்டதில் மத்திய அரசின் பங்கு பாதியில் தொடங்கி 90 சதவீதம் வரை உயரும். ஆனால் இழந்த வருமானத்துக்கும், காப்புறுதி செய்திருக்கக்கூடிய நட்டத்துக்கும் அந்த ஏற்பாட்டில் இடமில்லை.

இங்கேதான் சிக்கல் தொடங்குகின்றது. முறிந்த வேலியைத் திருத்தலாம். அதற்குப் பற்றுச்சீட்டு உண்டு. மேப்பிள் மரத்தின் கதை வேறு. கன்றொன்று பாகு எடுக்கும் பருவத்தை அடைய ஏறத்தாழ 40 ஆண்டுகள் செல்லும். தகப்பன் நட்ட மரத்தில் மகனே பயன் பெறுகின்றான். முடி முறிந்த மரத்துக்கு ஒரு விலை போடலாம். வரவிருக்கும் வெறுமையான ஆண்டுகளுக்கு எந்தப் படிவத்தில் விலை எழுதுவது?

இந்த வேதனையை எம் தாயகமும் அறியும். 1978 நவம்பர் 23ஆம் திகதி மட்டக்களப்பைத் தாக்கிய சூறாவளியில் மாவட்டத்தின் தென்னந்தோட்டங்களிற் பெரும்பகுதி அழிந்தது. வீட்டை ஓராண்டில் மீண்டும் கட்டலாம். தென்னை காய்க்க ஆறேழு ஆண்டுகள் வேண்டும். 2018 நவம்பரில் கஜா புயல் தஞ்சைப் பகுதித் தென்னைகளை வீழ்த்தியபோது, தமிழ்நாட்டு அரசு மரமொன்றுக்கு 1,100 ரூபா அறிவித்தது. அதில் 500 ரூபா விழுந்த மரத்தை வெட்டி அகற்றுவதற்கான கூலி. மரத்துக்கென எஞ்சியது 600 ரூபா.

கனடா ஆயினும் தமிழ்நாடு ஆயினும் அரசின் கணக்குப்பிள்ளை பார்ப்பது விழுந்த பொருளை. கமக்காரன் இழப்பதோ காலத்தை. நிவாரணம் என்பது அடுத்த விளைச்சல் வரையிலான இடைவெளியைத் தாங்குவதாக அமையவேண்டும் என்பதே எமது கருத்து. நிலமற்ற கூலியாளும் குத்தகைக்காரனும் அக்கணக்கில் இடம்பெறவேண்டும். உறுதிப்பத்திரம் இல்லாதவனுக்கும் பசி உண்டு. ஆவணங்களைக் கைவிட்டு ஓடிவந்த எமக்கு இதனை எவரும் விளக்கவேண்டியதில்லை.

இந்நாட்டில் காணி வாங்கியோ குத்தகைக்கு எடுத்தோ பயிர்செய்ய எண்ணும் குடும்பங்களுக்கு ஒரு வார்த்தை. கியூபெக்கில் 2001இல் உருவான விவசாய நிதி நிறுவனம் பயிர்க் காப்புறுதி வழங்குகின்றது. மேப்பிள் பாகும் அதில் அடங்கும். காப்புறுதி செய்திருக்கக்கூடிய நட்டத்துக்கு அனர்த்த நிதியை நம்பியிருப்பது வீண் என்பதனால், பருவம் தொடங்குமுன்னரே அதுபற்றி விசாரித்தறிதல் நன்று. மரங்களின் தொகையையும் கால்நடைகளின் தொகையையும் எழுதி வையுங்கள். படம் பிடித்து வையுங்கள். பற்றுச்சீட்டுகளை வீட்டுக்கு வெளியே, நம்பிக்கையான இன்னோர் இடத்திலும் ஒரு பிரதி வையுங்கள். புயல் வந்த பின்னர் கேட்கப்படும் முதற் கேள்வி, அதற்கு முன்னர் உங்களிடம் என்ன இருந்தது என்பதே.