மழலையுடன் ஜப்பான் பயணம்

டோக்கியோவிலிருந்து கியோட்டோவுக்கு ஷின்கான்சென் அதிவேக ரயில் ஏறக்குறைய இரண்டே கால் மணி நேரத்தில் சென்றடைகிறது. பெற்றோர் மடியில் அமரும் ஆறு வயதிற்குட்பட்ட குழந்தைக்குக் கட்டணம் இல்லை. தனி இருக்கையும் இல்லை. நடை பழகிய பிள்ளை அத்தனை நேரம் மடியில் தங்குமா? ஆகவே, பதினாறு பெட்டிகள் கொண்ட அந்த ரயிலில் 11ஆம் பெட்டிக்கு அருகில் இடம் பதிவு செய்வது நலம். அப்பெட்டியில் ஒரு தனியறை உண்டு. நோயுற்றோர் எவரும் அதில் இல்லையெனில், பாலூட்டுவதற்கு ரயில் ஊழியரே திறந்து கொடுப்பார். பேரங்காடிகளின் குழந்தைகள் அறையில் பால்மாவு கரைக்க வெந்நீரும் வைத்திருக்கிறார்கள்!

உணவுதான் நம்மவர்க்குக் கவலை. காய்கறிக் கஞ்சியெனத் தோன்றும் பொட்டலத்திலும் இறைச்சிச் சாறு கலந்திருக்கக்கூடும். ஒவ்வாமைக் குறிப்பில் பால், முட்டை, கோதுமை ஆகியவற்றைக் காட்டுவது அந்நாட்டுச் சட்டப்படி கட்டாயம். பன்றியிறைச்சியும் ஜெலட்டினும் பரிந்துரைக்கப்பட்டவை மட்டுமே, கட்டாயமல்ல. எனவே அக்குறிப்பில் காணவில்லை என்பதால் அவை இல்லையென்று கொள்ளலாகாது. பன்றியைக் குறிக்கும் ஜப்பானிய எழுத்தைத் தாளொன்றில் எழுதி வைத்துக்கொண்டு, உறையிலுள்ள சேர்மானப் பட்டியலோடு ஒப்பிட்டுப் பாருங்கள். ஐயம் தீரவில்லையா? வாழைப்பழமும் அவித்த முட்டையும் இரவு பகலாகத் திறந்திருக்கும் சிறுகடைகளில் தாராளமாகக் கிடைக்கின்றன.