இறுக்க இறுக்கக் கசிந்த எண்ணெய்

தாத்தாவின் மோரிஸ் மைனர் காருக்கு அடியில் எப்போதும் ஓர் அட்டை விரித்திருக்கும். காலையில் அதில் எத்தனை சொட்டு எண்ணெய் விழுந்திருக்கிறது என்று பார்ப்பது அவர் வழக்கம். சென்ற ஆண்டு இறுதி விடுமுறைக்கு நான் வீடு திரும்பியபோது, சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்கு ஒரு கருப்பு வட்டம் அட்டையில் படர்ந்திருந்தது.

"பட்டறையில் காட்டினேன், பாப்பா. பின்பக்க ஆயில் சீல் போய்விட்டதாம். என்ஜினையே இறக்க வேண்டுமாம். 2,800 ரிங்கிட் ஆகும் என்கிறார்கள். காரை வாங்கிக்கொள்ள ஒருவர் கேட்டிருக்கிறார். கொடுத்துவிடலாம் என்று இருக்கிறேன்," என்றார் தாத்தா.

அப்பாவைப் பள்ளிக்கு ஏற்றிப்போன கார் அது. நானோ பொலிடெக்னிக்கில் இயந்திரப் பொறியியல் டிப்ளோமா இரண்டாம் ஆண்டு மாணவி. திருப்புவிசைக் கணக்குகளில் நல்ல மதிப்பெண் வாங்கியவள். ஆனால், அந்தக் காரின் முன்மூடியை ஒருமுறைகூட நான் திறந்ததில்லை. "இரண்டு வாரம் பொறுங்கள், தாத்தா," என்று மட்டும் கேட்டுக்கொண்டேன்.

நான் செய்த தவறு

மோரிஸ் மைனர் 1948ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் அறிமுகமான கார். அதை வடிவமைத்தவர் அலெக் இசிகோனிஸ். பின்னாளில் மினி காரை உருவாக்கியவரும் அவர்தான். தாத்தாவின் கார் 1964ஆம் ஆண்டைச் சேர்ந்தது. 1098 சிசி 'ஏ சீரிஸ்' என்ஜின் கொண்டது. அந்த என்ஜின் குடும்பம் 1951இல் தொடங்கி, 2000ஆம் ஆண்டில் பழைய மினியின் தயாரிப்பு நின்ற வரைக்கும் உயிரோடு இருந்தது.

என்ஜினின் உச்சியில் நீளமான ஒரு தகர மூடி இருக்கும். வால்வுகளை அழுத்தித் திறக்கும் ராக்கர் கைகள் அதற்குள்ளேதான் ஆடுகின்றன. அவற்றின்மேல் பாயும் எண்ணெய் வெளியே தெறிக்காமல் காப்பதே இந்த வால்வ் கவரின் வேலை. கவருக்கும் சிலிண்டர் ஹெட்டுக்கும் நடுவே தக்கையால் செய்த ஒரு கேஸ்கட் இருக்கிறது. முழுக் கவரையும் பிடித்திருப்பவை உச்சியில் உள்ள இரண்டே நட்டுகள்.

கவரின் விளிம்பைச் சுற்றி எண்ணெய் ஈரம் தெரிந்தது. "நட்டு தளர்ந்திருக்கிறது" என்று நானே முடிவு கட்டி, நீண்ட கைப்பிடி கொண்ட ஸ்பேனரால் இரண்டையும் பலம் கொண்ட மட்டும் இறுக்கினேன். மறுநாள் தாத்தா கோயிலுக்குப் போய்த் திரும்பியபோது காருக்குள் எண்ணெய் தீயும் நாற்றம். இந்த என்ஜினில் சூடான எக்ஸாஸ்ட் குழாய் கவருக்குக் கீழே இடப்பக்கம் இருக்கிறது. நான் இறுக்கிய பிறகு எண்ணெய் நேராக அதன்மேல் சொட்டத் தொடங்கியிருந்தது. அது தீப்பிடிக்கும் ஆபத்து. தாத்தா ஒன்றும் சொல்லவில்லை. சாவியை எடுத்து அலமாரியில் வைத்துவிட்டார்.

பவுடர் காட்டிய தடம்

தாத்தாவின் நண்பரான சீனர் ஒருவர் முன்பு பட்டறை வைத்திருந்தவர். தாத்தா அவரை இன்றும் "தவுக்கே" என்றுதான் அழைப்பார். நான் போய் நடந்ததைச் சொன்னதும் சிரித்தார். "இந்த என்ஜினுக்குப் பின்னால் புதுக் கார்களில் உள்ளதுபோல ரப்பர் சீலே கிடையாது. எதை மாற்றப் போகிறார்கள்?" என்று மலாயில் கேட்டார்.

கிராங்க் தண்டின் பின்முனையில் திருகுமரை போன்ற ஒரு பள்ளம் வெட்டப்பட்டிருக்குமாம். தண்டு சுழலும்போது அந்த மரை எண்ணெயை உள்ளுக்கே திருப்பி அனுப்பும். பழைய என்ஜினில் அந்த இடத்தில் ஓரிரு சொட்டு விழுவது இயல்பு. ஆனால் தட்டு அகல வட்டத்துக்குக் காரணம் வேறாக இருக்க வேண்டும்.

அதைக் கண்டுபிடிக்க அவர் சொன்ன வழி எளிது. ஆறிய என்ஜினை நன்றாகத் துடைத்துக் காயவைத்து, குழந்தைகளுக்குப் பூசும் பவுடரைச் சுற்றிலும் தூவினோம். சாலையில் நெடுநேரம் ஓட்டாமல், வீட்டு வாசலிலேயே என்ஜினைச் சிறிது நேரம் இயக்கிப் பார்த்தோம். வெள்ளைப் பவுடரில் ஈரத் தடம் தெளிவாகத் தெரிந்தது. கவரின் பின்மூலையில் தொடங்கிய கசிவு, என்ஜினின் முதுகு வழியாக இறங்கி, கியர்பாக்ஸ் சேரும் இடத்தில் சொட்டியது. கீழே சொட்டுகிற இடத்தை மட்டும் பார்ப்பவர் பின்பக்கக் கசிவு என்றுதான் சொல்வார். எண்ணெய் புறப்படும் இடம் வேறு, சொட்டும் இடம் வேறு.

மூன்று காரணங்கள்

கவரைக் கழற்றி, விளிம்பின்மேல் இரும்பு அளவுகோலை வைத்துப் பார்த்தேன். ஓரிடத்தில் இரண்டுக்கும் இடையே வெளிச்சம் தெரிந்தது. என் கைவேலைதான். மெல்லிய தகரத்தை நடுவில் இரண்டு நட்டுகளால் அளவுக்கு மீறி அழுத்தினால் மேற்பகுதி அமிழ்ந்து விளிம்பு வளையும். ஓரிடத்தில் தக்கை நசுங்கிப் பிதுங்கும். இன்னோரிடத்தில் அழுத்தமே இருக்காது. கேஸ்கட்டுக்கு வேண்டியது விளிம்பு முழுவதும் சமமான அழுத்தம்.

இந்த நட்டுகளுக்கு உரிய திருப்புவிசை 4 பவுண்டு அடி, அதாவது 5.4 நியூட்டன் மீட்டர். சாதாரணக் கார்களின் சக்கர நட்டுக்கு ஏறத்தாழ 100 நியூட்டன் மீட்டர் தேவை. 15 செண்டிமீட்டர் ஸ்பேனரின் நுனியில் 3.7 கிலோ எடையைத் தொங்கவிட்டால் கிடைக்கும் விசைதான் 5.4. நான் என் உடல் எடையையே போட்டிருந்தேன்!

இரண்டாவது காரணம், தக்கையும் நட்டுக்கு அடியிலுள்ள ரப்பர் புஷ்களும். இரண்டுமே என்ஜின் சூட்டில் காய்ந்து கல்லாகியிருந்தன. ரப்பர் இறுகிவிட்டால் நட்டின் வழியாகவும் எண்ணெய் கசியும்.

மூன்றாவது காரணத்தை நான் எதிர்பார்க்கவில்லை. எரிவாயுவில் கொஞ்சம் பிஸ்டன் வளையங்களைத் தாண்டி என்ஜினின் அடிப்பகுதிக்குள் இறங்கும். அது வெளியேற வழி வேண்டும். கவரிலிருந்து காற்று வடிகட்டிக்குப் போகும் ரப்பர் குழாயைக் கழற்றினால், உள்ளே கருப்புச் சகதி அடைத்துக் கிடந்தது. பிரஷர் குக்கரின் ஆவித்துளை அடைத்தால் ஆவி ரப்பர் வளையத்தைத் தள்ளிக்கொண்டு வெளியே வருவதைப் போல, என்ஜினுக்குள் தேங்கிய அழுத்தம் எண்ணெயைப் பலவீனமான இணைப்புகள் வழியாகத் தள்ளியிருக்கிறது. இந்த அடைப்பை நீக்காமல் புது கேஸ்கட் போட்டாலும் கசிவு திரும்பி வரும்.

மூடிய விதம்

குழாய்களைக் கழுவிக் காயவைத்தோம். வளைந்த விளிம்பைத் தட்டையான மரக்கட்டையின்மேல் வைத்துச் சிறு சுத்தியலால் மெல்லத் தட்டி, அளவுகோலின்கீழ் வெளிச்சம் தெரியாத வரை நேராக்கினேன். அதற்கே ஒரு முழுப் பிற்பகல் போனது. சிலிண்டர் ஹெட்டில் ஒட்டியிருந்த பழைய தக்கையைச் சுரண்டும்போது துணுக்குகள் உள்ளே விழாதபடி எண்ணெய் இறங்கும் துளைகளைத் துணியால் மூடினோம். வேலை முடிந்ததும் துணிகளை எண்ணி எடுத்தோம்.

கவர் திறந்திருக்கும்போதே வால்வு இடைவெளியையும் சரிபார்த்தோம். ஆறிய என்ஜினில் அது 0.012 அங்குலம், அதாவது சுமார் 0.3 மில்லிமீட்டர். இதற்காக அவ்வப்போது கவரைத் திறக்க வேண்டியிருப்பதால், புது கேஸ்கட்டைக் கவரின் பக்கம் மட்டும் பசையால் ஒட்டினோம். அட்டையில் கவிழ்த்து, மேலே கனம் வைத்து ஓர் இரவு விட்டோம். சிலிண்டர் ஹெட்டைத் தொடும் பக்கத்தில் பசை இல்லை. அப்போதுதான் அடுத்த முறை கிழியாமல் கழற்ற முடியும்.

"சிலிகான் பசையை நிறையத் தடவிவிட்டால் என்ன?" என்று கேட்டேன். அதிகப்படியான பசை உள்பக்கம் பிதுங்கி, உடைந்து விழுந்து, எண்ணெய் உறிஞ்சும் வலையை அடைத்தால் என்ஜினே போய்விடும் என்றார் தவுக்கே.

கடைசியாக, புது ரப்பர் புஷ்களை வைத்து, இரண்டு நட்டுகளையும் மாறி மாறிச் சிறிது சிறிதாக இறுக்கினேன். திருப்புவிசை ஸ்பேனர் 5.4இல் 'கிளிக்' என்றது. கை இன்னும் கொஞ்சம் இறுக்கச் சொன்னது. நிறுத்திக்கொண்டேன்.

கேஸ்கட்டுக்கும் புஷ்களுக்கும் செலவு 40 ரிங்கிட்டுக்குள் முடிந்தது. கணக்கில் வராதது இரண்டு முதியவர்களின் பொறுமை.

மறுநாள் காலை தாத்தா புது அட்டையை விரித்தார். ஒரு வாரம் கழித்துப் பார்த்தால் இரண்டு சொட்டு. அவையும் பின்பக்க மரையிலிருந்து வந்தவை. பட்டறைக்காரர் சொன்னதில் அந்த இரண்டு சொட்டு அளவுக்கு உண்மை இருந்தது.

நம்மில் பலர் பாடத்தில் விசை, அழுத்தம், பரப்பளவு எல்லாம் எழுதி மதிப்பெண் வாங்குகிறோம். ஸ்பேனரைப் பிடித்ததும் பலத்தை மட்டுமே நம்புகிறோம். வீட்டில் பழைய மோட்டார் சைக்கிளோ தையல் இயந்திரமோ இருந்தால், அதைத் தெரிந்த ஒரு பெரியவர் பக்கத்தில் இருக்கும்போதே ஒருமுறை திறந்து பாருங்கள். எதையும் இறுக்குவதற்கு முன், கசிவு எங்கே தொடங்குகிறது என்று தேடுங்கள்.

காரைக் கேட்டிருந்தவர் போனவாரம் மீண்டும் அழைத்தார். தாத்தா, "பேத்தியைக் கேட்டுச் சொல்கிறேன்," என்று வைத்துவிட்டார். என்னிடம் இன்னும் கேட்கவில்லை.